பாலைப்பழத்தில் இஞ்சிப் பியர்: வன்னிப் பழங்களை நுரைக்க வைக்கும் முழு வழி

வைகாசி கடைசியில் சோளகக் காற்று எழும்பிய பிறகு ஏ9 வீதியால் மாங்குளம் பக்கம் போனால் வீதியோரத்தில் சின்னச் சின்ன மேசைகள் முளைத்திருக்கும். மேசைமேல் மஞ்சள் மணி மணியாகப் பாலைப்பழம். பேணியால் அளந்து பையில் கொட்டித் தருவார்கள். வருடத்தில் சில கிழமைகள்தான் இந்தக் காட்சி. நாங்கள் வாங்கி, வாகனத்துக்குள்ளேயே தின்று, உதடு ஒட்டிக்கொள்ள வீடு போய்ச் சேருவோம். மிச்சம் இரண்டு நாளில் புளித்துவிடும், பிறகு குப்பைக்குப் போகும்.

அந்த மிச்சத்தைக் குப்பைக்கு விடாமல் நல்ல நுரை பொங்கும் இஞ்சிப் பியராக மாற்றுவதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். இலங்கையில் இஞ்சிப் பியர் எங்களுக்குப் புதிதல்ல. நத்தாருக்கு வீட்டில் இஞ்சி, சீனி, தேசிக்காய், முந்திரிகை வற்றல் (உலர்ந்த திராட்சை), ஒரு சிட்டிகை ஈஸ்ட் போட்டு ஊறவைத்த தலைமுறை இன்னும் இருக்கிறது. நான் செய்வதெல்லாம், அந்த அடிப்படைக்குள் எங்கள் காட்டையும் வளவையும் பருவத்துக்குப் பருவம் கொண்டுவருவதுதான்.

உலகம் முழுக்கச் சிறு பியர் ஆலைகள் இதைத்தான் செய்கின்றன. பெல்ஜியத்தில் பிரசல்ஸைச் சுற்றியுள்ள பகுதியில் லாம்பிக் என்ற பியருக்கு யாரும் ஈஸ்ட் போடுவதில்லை. காய்ச்சிய தானியச் சாற்றைக் குளிர்காலத்தில் அகலமான தொட்டியில் ஓர் இரவு திறந்து வைக்கிறார்கள், காற்றிலும் கட்டடத்திலும் உள்ள நுண்ணுயிர்கள் மீதி வேலையைச் செய்கின்றன. அதில் புளிப்புச் செரிப்பழத்தை ஊறவைத்தால் கிரீக் என்ற பியர். அதே நாட்டின் வெள்ளைக் கோதுமைப் பியரில் கொத்தமல்லி விதையும் தோடம்பழத் தோலும் போடுவது வழக்கம். கொத்தமல்லித் தண்ணி குடித்து வளர்ந்த எங்களுக்கு அந்த ருசி அந்நியமாக இருக்காது. நேர்மாறாக, 1516இல் பவேரியாவில் வந்த சட்டம் பார்லி, ஹொப்ஸ் என்ற கைப்புப் பூ, தண்ணீர் மூன்றைத் தவிர வேறெதுவும் பியரில் சேரக்கூடாது என்றது. ஈஸ்ட் என்ற ஒன்று இருப்பதே அப்போது தெரியாததால் அது பட்டியலில் வரவில்லை.

எங்களிடம் காற்றில் நுரைக்கும் பானம் எப்போதோ இருந்தது. பனையிலிருந்து இறங்கும் சாற்றுக்கு முட்டியில் சுண்ணாம்பு பூசாவிட்டால் சில மணித்தியாலத்தில் அது கள். சுண்ணாம்பு பூசினால் ஈஸ்டுக்கு இடம் பிடிக்காது, இனிப்பான கருப்பணியாகவே நிற்கும். எந்த ஆலையும் இல்லாமல், ஒரு முட்டிக்குள் நடக்கும் இந்த வேலையை விட நேர்த்தியான நொதிப்பை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

சட்டத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அனுமதிப்பத்திரம் இல்லாமல் மது தயாரிப்பதும் விற்பதும் 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டப்படி குற்றம். ஆகவே இது பியர் என்ற பெயர் கொண்ட குளிர்பானம் மட்டுமே. நொதிப்பை ஆரம்பத்திலேயே நிறுத்துகிறோம். காய்ச்சி வடிக்கும் எண்ணம் யாருக்கும் வேண்டாம், அது சட்டத்துக்கும் உடம்புக்கும் ஆபத்து. அப்படி நிறுத்தினாலும் சிறிதளவு மதுசாரம் இருக்கத்தான் செய்யும். சிறுவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் குடியை விட்டு நிற்பவர்களுக்கும் இதைக் கொடுக்காதீர்கள். அவர்களுக்கு, நுரைக்க வைக்கும் உறையைச் சேர்ப்பதற்கு முன்பே ஒரு போத்தல் எடுத்து வையுங்கள், அது வெறும் இஞ்சித் தண்ணீர், அதுவும் நல்ல ருசி.

உறை

தயிருக்கு உறைமோர் போல இதற்கும் ஓர் உறை வேண்டும். கடையில் விற்கும் பாண் ஈஸ்டும் வேலை செய்யும், ஆனால் பானம் பாண் மணக்கும். இஞ்சியின் தோலிலேயே ஈஸ்ட் இருக்கிறது, பள்ளிப் புத்தகத்தில் மதுவம் என்று படித்தோமே அதே சாமான். அதை எழுப்பினால் போதும்.

ஒரு கண்ணாடிப் போத்தலில் கொதித்து ஆறிய தண்ணீர் 250 மில்லிலீற்றர், தோலோடு துருவிய இஞ்சி ஒரு மேசைக்கரண்டி, சீனி ஒரு மேசைக்கரண்டி. கலக்கி, மெல்லிய துணியால் வாய் கட்டி, வெயில் படாத மூலையில் வையுங்கள். தினமும் அதே அளவு இஞ்சியும் சீனியும் சேர்த்து, காலையும் மாலையும் கிண்டவேண்டும். கோடையில் எங்கள் அடுப்படியில் மூன்றாம் நாளே கரண்டியை விட்டதும் சர்ரென்று சத்தம் கேட்கும். மார்கழி மழையில் ஐந்து, ஆறு நாள் ஆகும். மேலே நுரை வளையம், மணத்தில் இஞ்சியோடு மெல்லிய கள் வாசனை என்றால் உறை தயார். கறுப்பு, இளஞ்சிவப்பு, பச்சை எந்த நிறத்தில் பூஞ்சணம் வந்தாலும் முழுவதையும் ஊற்றிவிடுங்கள். மேலே மட்டும் வழித்தெடுத்துத் தப்பலாம் என்று பார்க்காதீர்கள்.

நாட்டு இஞ்சி வாங்குங்கள், சிறிசாக, மண் ஒட்டி, முறித்தால் நார் தெரிகிற இஞ்சி. இறக்குமதியாகும் பெரிய பளபளப்பான இஞ்சியில் பலமுறை எனக்கு உறை எழும்பவே இல்லை.

இந்த உறையைப் பற்றி ஒரு செய்தி எனக்கு மிகவும் பிடிக்கும். 1880இல் கோப்பி இலை நோயை ஆராய ஹரி மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளர் இலங்கைக்கு வந்தார். இரண்டு வருடம் இங்கே கோப்பித் தோட்டங்களில் அந்தப் பூஞ்சையின் பின்னால் அலைந்தார். அதே மனிதர்தான் பிற்பாடு இங்கிலாந்தில் இஞ்சிப் பியர் உறையை நுணுக்குக்காட்டியில் பிரித்துப் பார்த்து, 1892இல் வெளியிட்டார். அது ஒற்றை உயிர் அல்ல, ஒரு ஈஸ்டும் ஒரு பக்டீரியாவும் ஒன்றை ஒன்று தாங்கி வாழும் குடித்தனம் என்று காட்டியவர் அவர். எங்கள் போத்தலில் இருப்பது அவர் ஆராய்ந்த அதே உறை அல்ல, ஆனால் குடித்தனம் அதே மாதிரிதான். ஈஸ்ட் நுரையைத் தருகிறது, பக்டீரியா புளிப்பைத் தருகிறது.

தண்ணீர்

வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு என்று எங்கும் கிணற்று நீர் கடினம். கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவு பார்த்தாலே தெரியும். கொதிக்கவைத்து ஓர் இரவு அசையாமல் வைத்தால் கல்சியத்தில் ஒரு பங்கு அடியில் படியும், மேலாக வார்த்தெடுங்கள். ஆனால் புளோரைட் கொதித்துப் போகாது. சிறுநீரக நோய்ப் பயம் உள்ள இடங்களில் குடிப்பதற்கு என்ன தண்ணீரை வாங்குகிறீர்களோ அதையே இதற்கும் எடுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் கொதிக்கவைக்கும்போதே போய்விடும். போகாவிட்டால் உறையைப் பலவீனமாக்கலாம்.

அடிப்படைப் பானம்

இரண்டு லீற்றருக்குக் கணக்கு: இஞ்சி 100 கிராம் தட்டியது, சீனி 180 கிராம், கொத்தமல்லி விதை ஒரு மேசைக்கரண்டி லேசாக வறுத்தது, கறுவா ஒரு துண்டு. எல்லாவற்றையும் ஒரு லீற்றர் தண்ணீரில் 15 நிமிடம் கொதிக்கவிட்டு, இறக்கி, மீதி ஒரு லீற்றர் ஆறிய தண்ணீரை ஊற்றுங்கள். இஞ்சிக்குப் பதில் வேர்க்கொம்பு (சுக்கு) போட்டால் காரம் தொண்டையில் பிடிக்கும், இரண்டையும் பாதிப் பாதி போடுவது என் விருப்பம்.

கைவிரலை வைத்தால் சூடு தெரியாத அளவுக்கு ஆறியபின் தேசிக்காய் மூன்றைப் பிழிந்து, வடித்த உறை 120 மில்லிலீற்றர் சேர்த்துக் கலக்குங்கள். சூட்டில் உறையை ஊற்றுவதுதான் முதன்முதலில் செய்பவர்கள் எல்லோரும் விடும் பிழை. தேசிக்காயைக் குறைக்காதீர்கள். ருசிக்கு மட்டுமல்ல, புளிப்பு இருந்தால்தான் வேண்டாத கிருமிகள் ஒதுங்கும்.

போத்தலும் நேரமும்

இந்த இடத்தில் கவனம் பிசகினால் மற்ற எல்லாம் வீண். வெளிநாட்டுச் செய்முறைகளில் போத்தலில் ஒரு கிழமை, இரண்டு கிழமை என்று எழுதியிருக்கும். அது 18 பாகை வீட்டுக்கு எழுதியது. எங்கள் கோடையில் பகல் அடுப்படி 32, 33 பாகை. அங்கே ஒரு கிழமையில் நடப்பது இங்கே ஒரு நாள், ஒன்றரை நாளில் முடிந்துவிடும்.

கணக்கைப் பார்த்தால் ஏன் என்று விளங்கும். ஒரு லீற்றரில் 4 கிராம் சீனி நொதித்தால், அந்தப் பானத்தின் அளவுக்குச் சமமான காபனீரொட்சைட்டு வரும். கடைச் சோடா போல நுரைக்க அதைப் போல் நான்கு மடங்கு போதும், அதாவது 16 கிராம் சீனி. ஆனால் நாங்கள் லீற்றருக்குப் போட்டிருப்பது 90 கிராம். முழுவதும் மூடிய போத்தலுக்குள் நொதித்தால் எந்தப் போத்தலும் தாங்காது. மதுசாரமும் இதே கணக்குத்தான்: லீற்றருக்குச் சுமார் 17 கிராம் சீனி நொதித்தால் ஏறக்குறைய 1 வீதம். ஆகவே போத்தல் இறுகும் நேரத்தில் நிறுத்தினால் 1 வீதத்தை ஒட்டி நிற்கும், மறந்துவிட்டால் 5 வீதத்தை எட்டும்.

நான் இதை ஒரு சித்திரை மதியத்தில் கற்றுக்கொண்டேன். சோஸ் வந்த கண்ணாடிப் போத்தலில் நிரப்பி, மூடியை இறுக்கி, அடுப்படித் தட்டில் வைத்துவிட்டு முல்லைத்தீவுக்குப் போய்விட்டேன். மாலை வந்து பார்த்தபோது அடுப்படி ஜன்னலின் மரச் சட்டத்தில் ஒரு கண்ணாடித் துண்டு குத்தி நின்றது. அந்த இடம் என் மகள் வழக்கமாக நின்று தண்ணீர் குடிக்கிற இடம். அன்றிலிருந்து கண்ணாடிப் போத்தல் என் வீட்டில் உறைக்கு மட்டும், அதுவும் துணி மூடி.

சோடா வந்த பிளாஸ்டிக் போத்தலை எடுங்கள், சுத்தமாகக் கழுவி, கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீர் ஊற்றி அலசியது. நான்கு விரல் இடைவெளி விட்டு நிரப்பி மூடுங்கள். நிரப்பும்போது அமுக்கினால் மெத்தென்று இருக்கும். ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் அமுக்கிப் பாருங்கள். பகலில் போட்டால் அடுத்த நாள் காலையிலேயே விறைத்து நிற்கலாம். விரல் அமுங்காமல் கல்லுப் போல இறுகிய உடனே பிரிட்ஜுக்குள். குளிரில் ஈஸ்ட் தூங்கும், சாகாது, ஆகவே ஒரு கிழமைக்குள் குடித்துவிடுங்கள். பிரிட்ஜ் இல்லாத வீட்டில் ஒரு லீற்றர் மட்டும் போட்டு, ஈர மணலில் புதைத்த பானைத் தண்ணீருக்குள் வைத்து அன்றே குடிப்பது ஒன்றே வழி.

மூடியை ஒரேயடியாகத் திறக்காதீர்கள். கால் சுற்று, கொஞ்சம் காற்று, மறுபடி மூடு, மறுபடி கால் சுற்று. அதுவும் வெளியில் நின்று.

இனிப் பழங்கள்

பாலைப்பழம்தான் எனக்கு முதலிடம். ஆனால் பசை அதன் குணம். மாங்குளத்தில் ஒரு அக்காவிடம் வாங்கும்போது அவர் சொன்னது: “இண்டைக்குத்தான் பறிச்சது தம்பி, நாளைக்கு மட்டும் வைச்சிட்டுச் செய்யுங்கோ, பால் குறையும்.” உண்மைதான். நன்கு கனிந்த பழத்தில் பால் குறைவு. ஒரு நாள் விரித்து வைத்து, 500 கிராம் பழத்தைக் கையால் பிசைந்து, விதையை நசுக்காமல், ஒரு லீற்றர் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து ஒரு மணி நேரம் விடுங்கள். மேலே வரும் ஒட்டும் படலத்தை வழித்து எறிந்து, பழைய வெள்ளைத் துணியால் இரண்டு தரம் வடியுங்கள், அந்தத் துணி பிறகு வேறொன்றுக்கும் ஆகாது. அடிப்படைப் பானத்தில் ஆறிய தண்ணீருக்குப் பதிலாக இந்தச் சாற்றை ஊற்ற வேண்டும். பழமே இனிப்பு என்பதால் சீனி 120 கிராம் போதும், புளிப்பு இல்லாத பழம் என்பதால் தேசிக்காய் ஐந்து. பச்சைச் சாற்றில் காட்டு ஈஸ்ட் நிறைய, ஆகவே சாதாரண நேரத்தில் பாதியில் போத்தல் இறுகும், நாலு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் அமுக்கிப் பார்க்க வேண்டும். முடிவில் வருவது பனங்கட்டி நிறத்தில், தேன் மணத்தோடு, அடியில் ஒரு காட்டு மரத்தின் துவர்ப்போடு ஒரு பானம். அந்தத் துவர்ப்புக்காகத்தான் நான் இவ்வளவு பாடுபடுகிறேன்.

காட்டுக்குள் போய்ப் பறிப்பதானால் தனியே போகாதீர்கள். பாலை கனியும் காலம் கரடிக்கும் விருந்துக் காலம், வில்பத்துப் பக்கம் இருப்பவர்களுக்கு இது சொல்லித் தெரியவேண்டியதில்லை. கண்ணிவெடிச் சிவப்புப் பலகை நிற்கும் எல்லைக்குள் எந்தப் பழத்துக்காகவும் கால் வைக்காதீர்கள். வீதியோரத்தில் விற்பவர்களிடம் வாங்கினால் அவர்களுக்கும் ஒரு வருமானம்.

மரமுந்திரிகை. மன்னார் கொண்டச்சிப் பக்கம் கொட்டைக்காகத் தோட்டம் இருக்கிறது, பழம் பெரும்பாலும் தரையில் விழுந்து அழுகுகிறது. ஐரோப்பியர் சைடர் என்று சொல்லும் ஆப்பிள் பானத்துக்கு எங்களிடம் மிக நெருங்கியது இதுதான். நல்ல சைடர் ஆப்பிள் தின்ன முடியாத அளவுக்குத் துவர்க்கும். அந்தத் துவர்ப்பே பானத்துக்கு உடம்பு. மரமுந்திரிகைப் பழத்தில் துவர்ப்பு அளவுக்கு மிஞ்சி, தொண்டையைக் கமறும். அதற்கு வைத்தியம் கஞ்சி. ஒரு லீற்றர் சாற்றுக்கு அரைக் கோப்பை ஆறிய சோற்றுக் கஞ்சி கலந்து இரண்டு மணித்தியாலம் விட்டால், துவர்ப்பு திரண்டு அடியில் இறங்கும், மேலுள்ள தெளிவை மட்டும் எடுங்கள். கொட்டையைத் திருகி எடுக்கும்போது நசுங்கவிடாதீர்கள், ஓட்டெண்ணெய் கையைச் சுடும். தெளிந்த சாறு ஒரு லீற்றர், தண்ணீர் ஒரு லீற்றர், சீனி 80 கிராம், தேசிக்காய் இரண்டு. இஞ்சியை 40 கிராமாகக் குறையுங்கள், இல்லாவிட்டால் பழத்தை விழுங்கிவிடும். இதே பழத்தைக் காய்ச்சி வடித்துத்தான் கோவாவில் பெனி செய்கிறார்கள். நாங்கள் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை.

நாவற்பழம் எளிது. 400 கிராமைக் கையால் நசித்து அடிப்படைப் பானத்தில் உறை சேர்க்கும் நேரத்தில் போட்டு, ஒரு இரவு துணி மூடிய பாத்திரத்தில் வைத்து வடித்துப் போத்தலில் இடுங்கள். தேசிக்காயை முதலில் சேர்க்காமல் கடைசியில் சொட்டுச் சொட்டாக விட்டுப் பாருங்கள்: கருநீலமாக மந்தித்து நின்ற சாறு ஓரத்திலிருந்து கருஞ்சிவப்பாக மாறிக்கொண்டு வரும். புளிப்புக்கு நிறம் மாறுவது அந்தச் சாயத்தின் குணம். போதுமான புளிப்பு ஏறியதா என்பதை நாக்குக்கு முன் கண்ணே சொல்லிவிடும்.

விளாம்பழத்தை ஒரு அடி உயரத்திலிருந்து சீமெந்துத் தரையில் விடுங்கள். துள்ளினால் காய், தொம்மென்று இருந்துவிட்டால் பழம். இரண்டு பழத்தின் சதை, சீனிக்குப் பதில் பனங்கட்டி 200 கிராம். பனையோலைக் குட்டானிலிருந்து எடுக்கும் கறுத்த பனங்கட்டியும் விளாம்பழமும் சேரும் இடத்தில் வேறு மசாலா எதுவும் வேண்டாம், கொத்தமல்லியையும் விட்டுவிடுங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: விளாம் சதைத் துகள் போத்தலில் இருந்தால் காற்றுக் குமிழி அதில் பற்றிக்கொண்டு, திறந்ததும் பாதிப் பானம் கூரைக்குப் போகும். மூன்று தரம் வடியுங்கள். சதையைக் கொதிக்கவிட்டால் கூழாகி வடியாது, பச்சையாகவே கரையுங்கள்.

பனம்பழத்திலும் முயன்றேன். சுட்டுப் பிழிந்தால் கைப்புக் குறையும் என்பது உண்மை, ஆனால் நொதிக்க நொதிக்க இனிப்புப் போய்க் கைப்பு மட்டும் தனியே எழும்பி நின்றது. பனங்களிக்கு, அதை வெயிலில் உலர்த்திச் செய்யும் பனாட்டுத்தான் நல்ல இடம்.

பழம் இல்லாத மாதங்களில் நன்னாரி வேர் 20 கிராமை இஞ்சியோடு சேர்த்து அவியுங்கள், இல்லாவிட்டால் இறக்கிய பிறகு ஒரு பிடி காய்ந்த ஆவரம்பூவைப் போட்டு மூடி வையுங்கள். காட்டுத் தேன் கிடைத்தால் சீனியில் பாதியைத் தேனாக்கலாம், ஆனால் தேனைச் சூட்டில் போடாமல் உறையோடு சேர்த்துக் கலக்குங்கள், மணம் நிற்கும்.

பிழைத்துப்போனால்

மூன்று நாளாகியும் போத்தல் மெத்தென்றே இருந்தால் உறை பலவீனம் அல்லது பானம் சூடாக இருந்திருக்கும். புது உறை இரண்டு மேசைக்கரண்டி சேர்த்து மறுபடி மூடுங்கள். கூழ்முட்டை நாற்றம் வந்தால் ஊற்றிவிடுங்கள். வினாகிரி மணம் மட்டும் என்றால் வீணாக்காதீர்கள், மூடியை அகற்றித் துணி கட்டி ஒரு மாதம் விட்டால் ஊறுகாய்க்கும் இறைச்சிக்கும் ஆகும். சளி போல நூல் இழுத்தால் குடிக்கவேண்டாம், அந்தப் போத்தலையும் எறிந்துவிடுங்கள்.

மிஞ்சிய உறையை அப்ப மாவில் கலக்கலாம். கள்ளு விட்டுப் புளிக்கவைத்த அப்பத்தின் ஓரம் எப்படி மொறுமொறுவென்று வருமோ அதற்குக் கிட்ட வரும், இஞ்சி மணமும் சேரும். இரண்டு மேசைக்கரண்டி உறையை மட்டும் சின்னப் போத்தலில் பிரிட்ஜில் வைத்து, கிழமைக்கு ஒரு தரம் ஒரு தேக்கரண்டி சீனியும் இஞ்சியும் கொடுத்து வாருங்கள். அடுத்த பழம் சந்தைக்கு வர இரண்டு நாளுக்கு முன் வெளியே எடுத்து, தினமும் ஊட்டினால் மறுபடி சர்ரென்று எழும்பும்.